பாதிப் பங்கு

ஒற்றைத் தேதி எனக்கு, இரட்டைத் தேதி ரெய்னோ ஸால்மிக்கு.
பத்தொன்பது வருஷம் முன்பு
ஆளுக்கு நானூறு டாலர் போட்டு
இந்தப் பனியூதியை வாங்கியபோது பேசிக்கொண்டது.
முப்பத்தொன்றும் ஒன்றும்
அடுத்தடுத்து எனக்கே வருவதை
அவன் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

பெல்ட் அறுந்தது ஒன்றாம் தேதி.

முதலில் வாடை. கருகிய ரப்பர்.
பிறகு எஞ்சின் மட்டும் கத்த,
வாய் நிறைய அள்ளிய பனியை
விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல்
நின்றுவிட்டது சுருள்கத்தி.
இரவு எட்டு அங்குலம், விடியலில் இன்னும் ஐந்து.
சுப்பீரியர் ஏரிக்கு லாரியத்தில்
எங்கள் தெருவைத் தவிர வேறு தெரு தெரியாது.
ஏழு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்.

பிளக் வயரைப் பிடுங்கினேன்.
பெட்ரோல் மூடிக்கு அடியில் ரொட்டிப் பையைச் செருகினேன்.
மேல்மூடியைக் கழற்றினால்
கார் விசிறிக்குப் போடுகிற பெல்ட்!
ஸால்மி, கஞ்சா,
இதற்காகவா உன்னைப் பங்காளியாக வைத்தேன் என்று
சுவரைப் பார்த்துச் சொன்னேன்.
அதற்குப் பின்னால், சக்கரத்தை ஓட்டும் பெல்ட்.
பளபளவென்று தேய்ந்து, ஓரம் பிசிறி,
அதன் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு.
போன மாசி... இல்லை, அதற்கு முந்தின குளிரில்
கிறீச்சிடாமலிருக்க நான் தேய்த்த குளியல் சோப்பு.
அதைச் சுவரிடம் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் போல்ட்டை எடுத்தால்
எந்திரம் நடுவில் இரண்டாகப் பிளக்கும்.
ஒருவர் கைப்பிடியைத் தாங்கிக்கொள்ள வேண்டும்
என்று போட்டிருக்கிறது கையேட்டில்.
ஒருவர். யார் என்று போடவில்லை.
நான் முழங்காலைக் கொடுத்தேன்.
ஒரு பெயின்ட் டப்பாவைக் கொடுத்தேன்.
டப்பா உருண்டது,
அரை எந்திரம் என் பூட்ஸின் மேல் உட்கார்ந்தது.

சத்தம் கேட்டிருக்கும்.
பைஜாமாவோடு, மான்தோல் கையுறையோடு
கேரேஜ் வாசலில் நின்றான்.
நாலு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை.
என் தபால் பெட்டியைச் சாய்த்தது
தன் டிரக் இல்லையென்று அவன் சாதித்த நாளிலிருந்து.
இப்போதும் பேசவில்லை.
தோளில் மாலைபோல் இரண்டு பெல்ட்,
அசல் பெல்ட், உறை பிரிக்காதவை.
ரசீதை ஸ்டேப்பிள் அடித்திருந்தான்.
முப்பத்தெட்டு டாலர் அறுபது சென்ட்.
பக்கத்தில் பத்தொன்பது முப்பது என்று எழுதி
வட்டம் போட்டிருந்தான்.
தேதி, இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால்.
என் பங்கைக் கேட்க வாய் திறக்க வேண்டுமே என்று
ஆணியில் தொங்கவிட்டிருக்கிறான், மடையன்.

அவன் கைப்பிடியைப் பிடித்தான்.
நான் பழையதை உரித்தேன்,
புதியதைப் புல்லியின் பள்ளத்தில் அமர்த்தினேன்,
ஸ்பிரிங்கை இடுக்கியால் இழுத்து மாட்டினேன்.
இடையில் ஒருமுறை அவன் தொண்டையைச் செருமினான்.
நான் நிமிர்ந்தேன். சளிதான்.

கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொண்டது.
நெம்பை நான் இன்னும் தொடவே இல்லை,
அது பாட்டுக்கு நகர்ந்தது.
காவல் கம்பிக்கு வெளியே போட்டிருக்கிறேன் பெல்ட்டை.
வாசலைத் தாண்டி, பனியைத் தெளிவாக வலப்பக்கம் எறிந்துகொண்டு,
கண் தெரிந்ததுபோல் நேராக
என் தபால் பெட்டியை நோக்கிப் போகிறது.
செருப்போடு பனியில் தாவி
சாவியைப் பிடுங்கினான் ரெய்னோ.
பெட்டிக்கும் கத்திக்கும் ஒரு சாண்.

"இந்தத் தடவை என் டிரக் இல்லை" என்றான்.

இந்தத் தடவை.
குறித்துக்கொண்டேன்.

மறுபடி பிரித்தோம். மறுபடி பூட்டினோம்.
ஒரு வாஷர் மிச்சம்; இருவரும் பார்த்தோம்,
இருவரும் எடுக்கவில்லை.
கோட்டுப் பையைத் துழாவிப்
பத்தொன்பது டாலரை எண்ணி அவன் கையுறையில் வைத்தேன்.
சில்லறை இல்லை.
நாளை இரண்டாம் தேதி, அவன் முறை.
முப்பது சென்ட் பாக்கி.